உப்புக்காற்று ஊரில் கார்ட்டூன் வில்லன்கள்: அட்டையோடு வைப்பதா, பிரித்து வைப்பதா?

தங்கச்சிமடம்_வடகடல்:

கார்ட்டூன் தொடர்களில் சூப்பர்ஹீரோக்களை எதிர்த்து நிற்கும் வில்லன்களின் ஆக்‌ஷன் பொம்மைகளை மட்டும் சேர்த்துவருகிறேன். என் அலமாரியில் பேட்மேன் ஒருவர்கூட இல்லை. ஜோக்கர், பென்குயின், டூ-ஃபேஸ், மேக்னீட்டோ, டார்க்சைட் என்று எதிரணி மட்டுமே நிற்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் வேண்டியது மிஸ்டர் ஃப்ரீஸ். 1992இல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடருக்காகக் கென்னர் நிறுவனம் செய்த பழைய பொம்மை அது. பின்புற அட்டையும் பொம்மையை மூடி அதில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழும் பிரிக்கப்படாமலே என் கைக்கு வந்தது. வரும்போது நேராக இருந்த அட்டை, ஒரு வாடைக்காலம் முடிவதற்குள் உள்வாக்கில் வளைந்துவிட்டது. குமிழின் கீழ் மூலையில் பசை விட்டுக்கொண்டு வருகிறது. குமிழே மங்கலாகத் தேநீர் நிறம் காட்டத் தொடங்கியிருக்கிறது.

ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்தாலும் சன்னல் கம்பியில் துரு பூக்கும் ஊர் எங்களுடையது. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் நண்பர்கள் சொல்லும் யோசனைகளெல்லாம் ஏசி அறையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகின்றன. தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோரத்தில் இருந்துகொண்டே சேகரிப்பவர்கள் சொல்லுங்கள்: இதை அட்டையோடு காப்பாற்ற முடியுமா, அல்லது பிரித்துவிடுவதுதான் சரியா?

கீழக்கரை_காக்கா:

பிரித்துவிடுங்கள் தம்பி. அட்டை என்பது காகிதம். இரவில் ஈரத்தைக் குடித்து, பகலில் அதை வெளியே விட்டு, நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கும் பொருளை நம் ஊரில் எவராலும் நேராக நிறுத்த முடியாது. உங்களுக்கு வடகடலும் வாடையும் என்றால், எங்களுக்குத் தென்கடலும் கச்சான் காற்றும். ஆண்டில் எந்தக் கடற்கரைக்கும் முழு விடுமுறை கிடையாது. ஈரம் ஏறிய அட்டையை ராமபாணப் பூச்சி தேடி வரும்; அது வந்தபின் குமிழுக்குள் யார் இருந்தாலும் ஒன்றுதான்.

வளைகுடாவிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கிய ஊர் எங்களுடையது. ஊருக்கு வரும் மாமாமார்களும் காக்காமார்களும் (அண்ணன்மார்களும்) பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தவை பேட்மேனும் ஸ்பைடர்மேனுமாகவே இருந்தன. துபாய்க் கடையில் பொம்மை வாங்கும் பெரியவர் நல்லவனைத்தான் எடுப்பார். மண்டையோட்டு முகத்தைப் பிள்ளைக்கு எதற்கு என்று அந்தப் பக்கம் கை நீட்டமாட்டார். அதனால் ஒரு வில்லன் வந்து சேர்வது அபூர்வம். அப்படி வந்தவற்றில் அட்டையோடு பூட்டிவைக்கப்பட்டது எதுவும் இன்று அட்டையோடு இல்லை. பிரித்து, கழுவி, கண்ணாடி அலமாரியில் வைத்தவை நன்றாக இருக்கின்றன. அலமாரி அலுமினியச் சட்டத்தில் இருக்கட்டும். கடலைப் பார்த்த சுவரில் வைக்காதீர்கள். கதவின் ஓரத்தில் ரப்பர்ப் பட்டை கொடுத்து இறுக்கமாக மூடிவிடுங்கள்.

தேவிபட்டினம்_தம்பி:

காக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இதில் நான் மாறுபடுகிறேன். கடைக்கு அனுப்பும் ஒரு பெட்டியில் கதாநாயகர்களைக் கூடுதலாகவும் வில்லன்களைக் குறைவாகவும் அடுக்குவது பொம்மை நிறுவனங்களின் பழைய வழக்கம். அந்தப் பேட்மேன் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பனிக்கு ஒரு பேட்மேன், கடலுக்கு ஒரு பேட்மேன், தொடரில் ஒரு நொடிகூடத் தோன்றாத நிறங்களில் இன்னும் பல பேட்மேன்கள். எதிராளிக்குப் பெரும்பாலும் ஒரே அச்சு, ஒரே நிறம். கேட்பவர் பெருகப் பெருக விலை ஏறுவதற்குக் காரணம் அதுதான். அந்த விலையில் பெரும்பங்கு பிரிக்கப்படாத அட்டைக்குரியது. பிரித்த அன்றே அது போய்விடும். திரும்ப ஒட்ட முடியாது.

வளைந்த அட்டையைக் கடினமான அக்ரிலிக் உறைக்குள் வைத்தால் மேலும் வளையாது. குமிழ் மஞ்சளாவது எல்லா ஊரிலும் நடப்பது. அதற்குக் கடலைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

முகாம்_வாத்தியார்:

மண்டபம் முகாமில் இருக்கிறேன். வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அவை எவ்வளவு அரிக்கப்படுகின்றன என்று சோதிக்கும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலையம் எங்கள் ஊரில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நாட்டிலேயே அரிப்புக்குப் பெயர்போன காற்று இது என்பதால்தான் அந்த நிலையம் இங்கே அமைந்தது. ஆனால் நம் பொம்மைகள் இரும்பல்ல என்பதால், இந்த இழையில் பேசப்படும் ஈரத்தோடு இன்னொரு பகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்பொம்மைகளில் பொதுவாக இரண்டு வகைப் பிளாஸ்டிக் இருக்கும். உடம்பு, மூட்டுகள் போன்ற கெட்டியான பகுதிகள் பெரும்பாலும் ஏபிஎஸ். மேலங்கி, கையுறை, முகம் போன்ற நெகிழும் பகுதிகள் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அது நெகிழ வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்புக் கொண்டிருப்பதில்லை. இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மேற்பரப்புக்குக் கசிகிறது. வெப்பம் கூடினால் விரைந்து கசிகிறது. பழைய பொம்மையைத் தொடும்போது விரலில் பிசுபிசுப்பாக ஒட்டுவது அதுவே.

காற்றுப் புகாதபடி அடைத்துவைத்தால் கசிந்த எண்ணெய் ஆவியாகிப் போக வழியின்றிப் பொம்மையின் மேலேயே படியும். பிரிக்காத குமிழ் அப்படிப்பட்ட சிறை. காக்கா சொல்லும் ரப்பர்ப் பட்டை இட்ட அலமாரியும் ஓரளவு அப்படியே. திறந்து வைத்தாலோ, பிசுபிசுப்பில் தூசியும் உப்பும் சேரும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கரையில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். ஆகவே நமக்கு வேண்டியது உப்பை வெளியே நிறுத்தி, உள்ளிருக்கும் ஆவியைப் போகவிடும் ஏற்பாடு. இறுக்கமான அலமாரியே இருக்கட்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் ஒரு துணி முடிச்சில் ஆவியைப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரியும் வையுங்கள். மழையும் கடுங்காற்றும் இல்லாத நண்பகலில், மாதம் ஒருமுறையாவது சிறிது நேரம் கதவைத் திறந்துவிடுங்கள்.

பெட்டியில் வைப்பவர்கள் அதன் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், அதில் வைக்கலாம். 6 என்றால் பாலிஸ்டைரீன். பிவிசியிலிருந்து கசியும் எண்ணெய் அதை உருக்கும், பொம்மையின் மேலங்கி பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியும் பாலிஸ்டைரீன்தான். வெப்பம் தாங்குகிறதே என்று அதில் பொம்மைகளை அடுக்கியவர்கள் உடனே எடுத்துவிடுவது நல்லது.

கீழக்கரை_காக்கா:

வாத்தியார் சொன்னபின் மறுபேச்சு இல்லை. ரப்பர்ப் பட்டை இருக்கட்டும், வெள்ளிக்கிழமை தோறும் கதவைத் திறக்கிறேன்.

உச்சிப்புளி_டீச்சர்:

விலை பற்றியும் பிளாஸ்டிக் பற்றியும் பேசும் அண்ணன் தம்பிகள், வில்லனை ஏன் சேர்க்கிறோம் என்பதையும் சேர்த்துப் பேசினால் இந்தக் கேள்விக்கு விடை எளிதாகும் என்று நினைக்கிறேன்.

மிஸ்டர் ஃப்ரீஸ் 1959இல் காமிக்ஸில் வேறொரு பெயரோடு அறிமுகமானபோது பனித்துப்பாக்கி ஏந்திய சாதாரணத் திருடர்தான். 1992 செப்டம்பரில் ஒளிபரப்பான, அந்தப் பேட்மேன் அனிமேஷன் தொடரின் ஒரே அத்தியாயம் அவரை மாற்றியது. பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கிய அந்தக் கதையில்தான் நோயுற்ற மனைவியை உறைநிலையில் வைத்துக் காக்க முயன்று, ஆய்வகத்தை நிறுத்த வந்த முதலாளியால் வாழ்க்கையை இழந்த விஞ்ஞானியாக அவர் ஆனார். பின்னர் காமிக்ஸும் அதையே ஏற்றுக்கொண்டது. ஹார்லி குவின் அதற்கும் ஒரு படி மேலே. அதே மாதத்தில் ஜோக்கருக்குத் துணையாளாக அத்தொடரில் தோன்றி, அங்கிருந்து காமிக்ஸுக்குப் போனவள் அவள். பேட்மேனுக்கு அத்தொடர் எவ்வளவு செய்ததோ அதைவிட அவருடைய எதிரிகளுக்குச் செய்தது என்பதே என் எண்ணம். பவர்பஃப் கேர்ள்ஸ் தொடரின் மோஜோ ஜோஜோவையும் இந்த வரிசையில் வைப்பேன். பவர்பஃப் சிறுமிகளை உருவாக்கிய விபத்துக்குக் காரணமே அந்தக் குரங்குதான் என்று தெரிந்தபின் அவனை வெறும் சிரிப்புக்காரனாகப் பார்க்க முடியவில்லை.

கார்ட்டூன் பாணிப் பொம்மையின் அழகு கோடுகளில் இருக்கிறது. அகன்ற தாடை, ஒடுங்கிய இடை, நிழலே இல்லாத தட்டையான நிறம். திரைப்படப் பொம்மைகளில் சுருக்கமும் அழுக்கும் நிழலுமாகச் சாயம் பூசியிருப்பதால் சிறிய கறை அதில் மறைந்துவிடும். ஜோக்கரின் வெள்ளை முகத்தில் மறைய இடமே இல்லை. கன்னத்தில் மஞ்சள் ஏறினால் வாசலிலிருந்தே தெரியும். மஞ்சளான குமிழுக்குள் இருக்கும் வெளிர்நீல ஃப்ரீஸ் பச்சையாகத் தெரிவார். எந்தக் கோட்டுக்காகவும் நிறத்துக்காகவும் அவரை வாங்கினோமோ, அதைப் பார்க்க முடியாமல் அட்டையை மட்டும் காப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. குளிர் கவசத்தை விட்டு வெளியே வர முடியாத மனிதரின் கதை அது என்பது உண்மை. அதற்காக நாமும் அவரை அடைத்தே வைக்க வேண்டுமா?

தேவிபட்டினம்_தம்பி:

டீச்சர் இப்படிக் கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆயினும் என் வழி ஒன்று இருக்கிறது: அட்டையோடு இருப்பவற்றைப் பரமக்குடியில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். கடல் தள்ளி இருக்கிறது, காற்றில் உப்பு இல்லை, அட்டைகள் நேராக நிற்கின்றன.

உச்சிப்புளி_டீச்சர்:

அப்படியானால் அது உங்கள் அக்காவின் சேகரிப்பு, தம்பி.

தங்கச்சிமடம்_வடகடல்:

பிரிப்பது என்ற பக்கம் என் மனம் சாய்கிறது. அதற்கு முன் வேறு இரண்டு சங்கடங்கள். பிரித்த நிலையில் வாங்கிய ஒரு ஜோக்கரின் கணுக்கால் மூட்டு உடைந்துவிட்டது. கார்ட்டூன் வரைவுக்கு ஏற்ப மெலிதாக வார்த்த கால், அசைத்தவுடன் முறிந்தது. டூ-ஃபேஸ் ஓட்டு வீட்டின் வெயிலில் முன்பக்கம் சாய்ந்துவிட்டார். இவற்றைச் சரிசெய்ய முடியுமா?

தேவிபட்டினம்_தம்பி:

நம் கரையில் ஃபைபர் ரெசின் இல்லாத ஊரே இல்லையே. வல்லப் படகின் அடியை ஒட்டுவது பொம்மையின் காலை ஒட்டாதா?

பாம்பன்_ஃபைபர்:

ஒட்டாது, தின்றுவிடும். வல்லம் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன் என்பதால் சொல்கிறேன். நாங்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஃபெவிக்விக் போன்ற பசையும் வேண்டாம். அது காயும்போது எழும் ஆவி சுற்றியுள்ள இடத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். ஜோக்கரின் ஊதா நிறக் காற்சட்டையில் அது சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். வலுவும் மூட்டுக்குப் போதாது.

உடைந்த கணுக்காலுக்கு ஊசி போடுவதே வழி. முறிந்த இரு முகங்களையும் பிளேடால் சமன் செய்யுங்கள். கையால் சுழற்றும் சிறு துளைப்பானை எடுத்து, முறிவின் நடுவில் இரு பக்கமும் நேர்க்கோட்டில் துளையிடுங்கள். மோட்டார் துளைப்பான் வேண்டாம், அதன் சூட்டில் துளையின் விளிம்பு உருகிவிடும். துளைக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பித் துண்டை அரால்டைட் போன்ற எபாக்சிப் பசை தடவிச் செருகி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் படுக்கவையுங்கள். கம்பி 316 தரமாக இருக்கட்டும். 304 பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் நம் காற்றில் சில காலத்தில் பழுப்புப் புள்ளி விடும். அந்தக் கறை வெளிர்நிறப் பிளாஸ்டிக்கில் ஊறினால் எடுக்க முடியாது. மூட்டு இனி மடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோக்கர் நின்றால் போதும் என்பவர்களுக்குத்தான் இந்த வைத்தியம்.

சாய்ந்த டூ-ஃபேஸுக்கு வெந்நீர். கொதித்து இறக்கிய நீரில் கால்களை மட்டும் முக்குங்கள். நெகிழ்ந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்ததும் வெளியே எடுத்து, நேராக்கிப் பிடித்தபடியே ஐஸ் நீரில் இறக்குங்கள். மீன் ஏற்றும் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? அதன்பின் ஓட்டுக்கு அடியில் மேல்தட்டில் நிறுத்தாமல் கீழ்த்தட்டில் வையுங்கள், இல்லையென்றால் சித்திரையில் மறுபடி குனிவார்.

மூட்டு இறுகியிருந்தாலும் இதே வெந்நீர்தான், வலுவாகத் திருகாதீர்கள். பழைய பொம்மைகளில் பெரும்பாலானவை வெப்பத்தால் போனதைவிட மனிதர்களின் அவசரத்தால் போனவையே.

முகாம்_வாத்தியார்:

பாம்பன் தம்பி சொன்னது அனைத்தும் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: பிசுபிசுப்பை எடுக்கப் பெயிண்ட் தின்னரையோ நகப்பூச்சு நீக்கியையோ தொடாதீர்கள், அசிட்டோன் ஏபிஎஸ்ஸை இளக்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், மென்மையான பல்துலக்கி, இவை போதும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் கடைசிக் கழுவலுக்குக் குடிநீரையே பயன்படுத்துங்கள். மஞ்சளேறிய ஏபிஎஸ்ஸை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை ஒன்று உண்டு. சாயம் பூசிய முகத்தில் அதைச் செய்யச் சொல்லமாட்டேன், வெளுத்த மஞ்சள் மீண்டும் வருவதும் உண்டு.

சாயல்குடி_புதியவன்:

நான் இப்போதுதான் தொடங்குகிறேன். இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கடைகளில் குறைந்த விலைக்குப் பொம்மைகள் தொங்குகின்றனவே, அவற்றில் வாங்கலாமா? வெளிநாட்டுப் பொம்மைகள் ஏன் இவ்வளவு விலை?

கீழக்கரை_காக்கா:

வெளிநாட்டுப் பொம்மைக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. அதோடு 2021 சனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டுத் தொழிற்சாலையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற வேண்டும். சிறிய எண்ணிக்கையில் வரும் ஒரு வில்லனுக்காக அந்தச் செலவையும் காத்திருப்பையும் ஏற்க இறக்குமதியாளர் முன்வருவதில்லை. உள்நாட்டிலேயே நல்ல பொம்மை செய்த காலமும் இருந்தது. எம்ஆர்எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் கோவாவில் செய்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளை இன்று வெளிநாட்டவரே தேடுகிறார்கள். பழைய பாத்திரக் கடையிலும் இரும்புக்கடையிலும் அவற்றைக் கண்டால் விடாதீர்கள்; முதுகுத் திருகாணியை மட்டும் துரு பார்த்து வாங்குங்கள்.

கோயில் கடைகளிலும் ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக் கடைகளிலும் தொங்குபவை பெரும்பாலும் போலி. அழுத்தினால் நெஞ்சில் விளக்கெரியும். உறையைப் பிரித்தால் மண்ணெண்ணெய் போல நெடி அடிக்கும். கண்ணின் கருமணி கன்னத்தில் இருக்கும். அசல் என்றால் பாதத்திலோ முதுகிலோ நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். அந்த ஆண்டு பதிப்புரிமைக்குரியது. பொம்மை அதே ஆண்டில் செய்யப்பட்டது என்று நம்பிவிடாதீர்கள், ஒரே அச்சைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்படுத்துவார்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் அசல் பொம்மையிலிருந்தே அச்செடுத்த போலியாக இருக்கலாம். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன்: அந்தக் கடைகளில் அயர்ன்மேனும் ஸ்பைடர்மேனும் சரம் சரமாகத் தொங்குவார்கள்; வில்லன் ஒருவரைக் காண்பது அரிது. போலி செய்பவருக்குக்கூட அவர்கள்மேல் அக்கறை இல்லை.

தங்கச்சிமடம்_வடகடல்:

ஐப்பசிக்கு முன் ஃப்ரீஸைப் பிரிக்கப் போகிறேன். அட்டையைக் கெடுக்காமல் பிரிக்க முடியுமா? சிலிக்கா ஜெல்லில் நீலம், ஆரஞ்சு என்று இரண்டு வகை இருக்கிறதே, எது வேண்டும்?

முகாம்_வாத்தியார்:

ஆரஞ்சு. நீல வகையில் கோபால்ட் குளோரைடு கலந்திருக்கும். ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். அது நச்சு என்பதால் வீட்டில் வைத்து வறுக்க ஏற்றதல்ல. ஆரஞ்சு வகை ஈரம் குடித்ததும் நிறம் மாறி, பெரும்பாலும் பச்சையாகும். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு சட்டியில் மிதமான சூட்டில் புரட்டினால் பழைய நிறத்துக்கு வரும், மறுபடி வைக்கலாம். கருகும்வரை வறுக்காதீர்கள்.

பாம்பன்_ஃபைபர்:

பசை விட்டிருக்கும் கீழ் மூலையிலிருந்தே தொடங்குங்கள் அண்ணே. புதிய பிளேடைக் குமிழின் விளிம்புக்கும் அட்டைக்கும் இடையில் படுக்கவைத்து நகர்த்துங்கள். மேல்நோக்கித் தூக்கினால் அச்சுத்தாள் உரிந்து வந்துவிடும். கீழ்ப்பக்கமும் ஒரு பக்கவாட்டும் விட்டால் போதும், பொம்மை வழுக்கி வெளியே வரும், குமிழ் அட்டையிலேயே நிற்கும். ஃப்ரீஸின் துப்பாக்கிக்குள் ஸ்பிரிங் இருக்கும். கழுவும்போது அதைத் தண்ணீரில் போடாமல் தனியாக எடுத்துத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டு விடுங்கள். தலைமேல் இருக்கும் கண்ணாடி போன்ற கூண்டை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் மட்டும் துடையுங்கள், பழைய பனியன் கீறிவிடும்.

தேவிபட்டினம்_தம்பி:

பிளேடு வைப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள் அண்ணே. மனம் மாறினால், பரமக்குடியில் இடம் இருக்கிறது.